உன்னையும் சேர்த்து எண்ணிப்போட்டாங்கள், மோனை

இஞ்ச வா மோனை, உந்தக் கதிரையில இரு. போனைக் கீழ வைக்கச் சொல்லி நான் கேக்கேல்லை, கையிலயே கிடக்கட்டும். பறிக்கிற வயசு எனக்கில்லை, ஒளிக்கிற வயசு உனக்கில்லை. நேற்று நீ கொம்மாவோட ஒரு ஞாயம் கதைச்சாய், அது கிணத்தடியில நிண்ட என்ர காதிலயும் விழுந்தது. "நூறு கோடிப் பேர் விளையாடுற கேம் அம்மா, நூறு கோடிப் பேருக்குமோ விசர்?" எண்டு கேட்டாய். கொம்மா மறுமொழி இல்லாமல் குசினிக்குள்ள போட்டாள். கெட்டிக்காரன்தான். நூறு கோடிக்கு முன்னால ஒரு தாய் தனிய நிண்டு என்ன செய்வாள்?

எண்டாலும் என்னட்ட உது எடுபடாது கண்டியோ. கமக்காரர் அமைப்பில கனகாலம் பொருளாளரா இருந்த கட்டை இது. ஆரும் பெரிய தொகையோட வந்தால், எண்ணினது ஆர், எதை எண்ணினவர், எப்ப எண்ணுறதை விட்டவர் எண்டு கேட்டுப்போட்டுத்தான் மற்றக் கதை. அதால கொக்கா லீவில வந்து நிக்கேக்க அவளைப் பிடிச்சன். அறிவியல் நகரில பொறியியல் படிச்சு என்ன பிரயோசனம் பிள்ளை, உந்தக் கேம் கொம்பனியளின்ர கணக்கை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு எண்டு சொல்லி, வெத்திலைத் தட்டம் வெறுமையாகுமட்டும் கேட்டுக்கொண்டு இருந்தனான்.

நூறு கோடி பொய்யெண்டு நான் சொல்ல வரேல்லை. உன்ர பப்ஜி மொபைல் 2018 பங்குனியில வந்தது. 2021 பங்குனியில, சீனாவைச் சேர்க்காமலே நூறு கோடித் தரம் இறக்கியாச்சு எண்டு அறிவிச்சினம். இறக்கினது நூறு கோடித் தரம். ஆள் நூறு கோடி எண்டு கொம்பனி சொல்லேல்லை, நீதான் கொம்மாவுக்குச் சொன்னாய். அந்த மட்டில கொம்பனியை விட நீ பெரிய வியாபாரி.

இதுக்கு நடுவில ஒண்டு நடந்தது, அதை நீ கொம்மாவுக்குச் சொல்லேல்லை. 2020 புரட்டாதி 2ஆம் திகதி இந்தியா உதைத் தடை செய்துபோட்டுது. ஒரே அறிவித்தலில 118 ஆப். அங்க கோடிக்கணக்கில பெடியள் விளையாடிக்கொண்டு இருந்தவங்கள். அவ்வளவு பெரிய நாடு படலையைச் சாத்தினால் தொகை குறைய வேணுமோ இல்லையோ? குறையேல்லை. ஆறு மாசத்தில நூறு கோடியைத் தொட்டுது. ஏனெண்டால் இறக்கின கணக்கில கூட்டல் மட்டும்தான், கழித்தல் கிடையாது. அப்பிடி ஒரு கணக்குப் புத்தகம் எனக்கும் இருந்திருந்தால் நானும் இண்டைக்குக் கோடீஸ்வரன்தான்.

எங்கட அமைப்பின்ர பதிவேட்டை நீ கண்டிருக்க மாட்டாய். தடிச்ச மட்டைக் கொப்பி. அதில பேர் எழுதினது இருக்கு, வெட்டினது இல்லை. செத்தவர் அதுக்குள்ள உயிரோட இருக்கிறார். ஸ்காபரோவில பனி வழிக்கிறவரும் இரணைமடுத் தண்ணிக்கு உரித்தாளியா இருக்கிறார். அந்தக் கொப்பியைப் பாத்தால் நாங்கள் பெரிய படை. சந்தாப் புத்தகத்தைத் திறந்தால் படை அரைவாசி. வாய்க்கால் துப்புரவு எண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிச்சால், மண்வெட்டியோட வந்து நிக்கிறவையைக் கொப்பி பாராமலே பேர் சொல்லிக் கூப்பிடலாம். ஆனால் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணி எவ்வளவு, ஆருக்கு எத்தினை பங்கு எண்டு பிரிக்கிற கூட்டம் வரட்டும். செத்தவரைத் தவிர எல்லாரும் வருவினம். செத்தவருக்காக மருமோன் வருவார்.

பதிவு, சந்தா, மண்வெட்டி. இந்த மூண்டையும் மனசில வைச்சுக்கொண்டு கேள். எந்தப் புத்தகம் தங்களுக்கு வடிவோ, அதைத்தான் கேம் கொம்பனியளும் மேசையில விரிப்பினம்.

சந்தாப் புத்தகத்தை விரிச்சு வைச்சு உலகத்தை வாய் பிளக்க வைச்சது வோர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட். அமெரிக்காவில பிளிசார்ட் எண்ட கொம்பனி 2004 கார்த்திகையில விட்டது. உன்ர பப்ஜி மாதிரிச் சும்மா இறக்கி விளையாடுறதில்லை, அங்க மாசம் பதினைஞ்சு டொலர். 2010 ஐப்பசியில ஒரு கோடி இருபது இலட்சம் சந்தாதாரர் எண்டு அறிவிச்சினம். 2012 குடிசன மதிப்பில எங்கட கிளிநொச்சி மாவட்டச் சனம் 113,510. அப்பிடி நூறு கிளிநொச்சியை அடுக்கி, அதுக்கு மேல இன்னும் ஐஞ்சாறு கிளிநொச்சியை வைச்சால் வாற கூட்டம் அது. அந்த 2010இல நாங்கள் தறப்பாளுக்குக் கீழ இருந்தம். உப்பிடி ஒரு உலகத்தில சனம் காசு குடுத்துச் சண்டைக்குப் போகுது எண்டு ஆரும் வந்து சொல்லியிருந்தால், கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில காட்டியிருப்பம்.

கொக்கா அந்த அறிக்கையின்ர அடியில சின்ன எழுத்தில கிடந்ததையும் வாசிச்சாள். மாசக் காசு கட்டினவன் சந்தாதாரர், சரி. முன்காசு கட்டின அட்டை முடியாமல் வைச்சிருக்கிறவன், அதுவும் சரி. பெட்டியை வாங்கி முதல் மாச இலவசத்தில நிக்கிறவனும் சந்தாதாரர். நெட் கபேயில போயிருந்து கடைசி முப்பது நாளுக்குள்ள ஒருக்கால் விளையாடினவனும் சந்தாதாரர். அப்ப சீனாவில மாசச் சந்தாவே இருக்கேல்லை, மணித்தியாலக் கணக்கில காசு. மாசத்தில ஒரு பொழுது எட்டிப் பாத்த சீனாக்காரனும், பதினைஞ்சு டொலரை எண்ணிக் குடுத்த அமெரிக்காக்காரனும் புத்தகத்தில ஒரே உயரம். களவெண்டு சொல்ல மாட்டன். விதியை எழுதி வைச்சுத்தான் எண்ணினவங்கள். எங்கட அமைப்பு அதுவும் எழுதி வைக்கேல்லை.

பிறகு இறக்கம் தொடங்கிச்சுது. 2013 முடியேக்க 78 இலட்சம். அடுத்த தை மாசமே சந்தாப் புத்தகத்துக்குப் பக்கத்தில பதிவேட்டையும் விரிச்சினம்: தொடங்கின நாளிலயிருந்து பத்துக் கோடிக் கணக்கு திறந்திருக்காம்! பத்துக் கோடி எண்டால் தலைப்பு வடிவாத்தான் இருக்கும். வந்து எட்டிப் பாத்துப் போனவை எல்லாரையும் கூட்டினால் நல்லூர்த் திருவிழாவுக்கே வெக்கம் வந்திடும். 2014 கார்த்திகையில புதுப் பாகம் ஒண்டை விட, விட்டுப் போனவை திரும்பி வந்து தொகை ஒரு கோடிக்கு ஏறினது. அடுத்த கோடைக்குள்ள 56 இலட்சம், பிறகு 55. 2015 கார்த்திகையில கொம்பனி சொன்னது என்னெண்டால், இனிச் சந்தாத் தொகையை வெளியில சொல்லமாட்டினமாம். தொழில் எப்பிடிப் போகுது எண்டு பாக்க அதை விட நல்ல அளவுகள் இருக்காம். ஏறேக்க நல்லா இருந்த அளவு, இறங்கேக்கதான் கூடாமல் போச்சுது.

பகிடியை ஒரு பக்கம் வைச்சிட்டு ஒண்டு சொல்லுறன். நீ பிறக்க முன்னம் நடந்தது. 2009 மாசியில, யுத்தம் நடக்கேக்க, வன்னிக்குள்ள நிக்கிற சனம் எழுபதினாயிரம்தான் எண்டு கொழும்பு சொல்லிக்கொண்டு இருந்தது. நாங்கள் அதுக்குள்ளதான் நிண்டனாங்கள். வந்த மாவும் மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான். ஆடி 10ஆம் திகதி, வெளியில வந்த சனம் எண்டு ஐ.நா. எழுதின தொகை 282,380. அதுக்கு முதல் வருசம் ஐப்பசியில கச்சேரிக் கணக்கில இருந்த சனம் 429,059. 2011இல மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அரசாங்கத்தின்ர ஆணைக்குழுவுக்கு முன்னால போய், ஒண்டிலயிருந்து மற்றதைக் கழிச்சுக் காட்டி, இந்த 146,679 பேருக்கும் என்ன நடந்தது எண்டு கேட்டவர். எங்கட ஊருக்கு மறுமொழி வரேல்லை. ஆகவே மோனை, ஆரும் சனத்தொகை சொல்லேக்க கிழவன் ஏன் கொப்பியைக் கேக்கிறான் எண்டு நீ சிரிக்காதை.

சரி, உன்ர கேமுக்கு வருவம்.

மண்வெட்டிக் கணக்கு, அதாவது இந்த நிமிசம் உள்ளுக்குள்ள நிக்கிறது எத்தினை பேர் எண்ட கணக்கு, அதுதான் கொஞ்சம் நம்பலாம். கொம்பியூட்டரில ஸ்டீம் எண்ட கடை அதைத் தானே எண்ணிக் கதவில ஒட்டி வைக்கும், கேம் செய்தவன் மறைக்கேலாது. 2018 தையில கொம்பியூட்டர் பப்ஜிக்குள்ள ஒரே நேரத்தில முப்பத்திரண்டரை இலட்சம் பேர் நிண்டினம். அதை விட எனக்குப் பிடிச்சது ஐஸ்லாந்துக்காரரின்ர ஈவ் ஒன்லைன். மற்றக் கேமுகளில சனத்தை ஆயிரம் ஆயிரமாப் பிரிச்சு வேற வேற சேவரில அடைப்பாங்கள். ஈவில சீனாக்காரரைத் தவிர எல்லாருக்கும் ஒரே வானம். 2013 வைகாசியில அந்த ஒரே வானத்தில ஒரே நேரம் 65,303 கணக்கு. எங்கட மாவட்டத்தில அரைவாசிக்கு மேல ஒரே வெளியில நிண்ட மாதிரி. அந்த வருசம் சந்தா ஐஞ்சு இலட்சம், ஐஸ்லாந்துச் சனமோ மூண்டேகால் இலட்சம். நாட்டை விடக் கேம் பெருத்துப் போச்சு.

அதிலயும் ஒரு ஓட்டை இருக்கு. ஈவில ஒரே ஆள் இரண்டு மூண்டு கணக்கு வைச்சு, மூண்டு கப்பலை ஒண்டா ஓட்டுறது வழக்கம். எங்கட நாட்டிலயும் சனத்தை விடப் போன் இணைப்புக் கூட. சிம்மை எண்ணிச் சனத்தொகை எடுத்தால், பிறக்காத பிள்ளைக்கும் நம்பர் இருக்கும். உன்னட்ட எத்தினை கணக்கு? மொட்டைத் தலையோட ஒண்டு, பொம்பிளைப் பேரில ஒண்டு, கொப்பரின்ர போனில ஒண்டு. கொப்பரின்ரயில இருக்கிறது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பயப்பிடாதை.

இப்ப உன்னட்ட ஒரு கேள்வி. நேற்று இரவு பாயில கிடந்து, பதினேழு பேரைச் சுட்டுப்போட்டன் எண்டு துள்ளினாய். அந்தப் பதினேழில எத்தினை பேருக்குப் பின்னால ஒரு அம்மா நிண்டு "படுக்கப் போறியா இல்லையா" எண்டு கத்தினவ? கத்த ஆளில்லாதவன் எல்லாம் பொட், மோனை. மெஷின். 2019 ஐப்பசியில ஃபோர்ட்நைட் எண்ட கேம் தானே அறிவிச்சுப் பொட்டுகளை உள்ளுக்கு விட்டது. அடுத்த வருசம் கொம்பியூட்டர் பப்ஜியும் விட்டது. மொபைல் பப்ஜியில, புதுசா வந்து கீழ்த்தரத்தில நிக்கிறவனுக்கு எதிரில வாறதில பாதிக்கு மேல உயிரில்லாதது எண்டு உன்ர கூட்டாளியளே சொல்லுவாங்கள். ஏன் விடுறாங்கள்? புதுசா வாறவன் முதல் நாளே பத்துத் தரம் செத்தால் அழிச்சுப்போட்டுப் போயிடுவான். ஆகவே அவனுக்கு முன்னால சுவரைப் பாத்துச் சுடுற நாலு பேரை விட்டு, வெல்ல வைச்சு, சிக்கன் டின்னர் குடுத்து இருத்திவைக்கிறது. நூறு பேர் குதிச்சதில நீ முதலாவது எண்டால் சந்தோசம்தான். ஆனால் தொண்ணூறு பேரைக் கொம்பனியே சாக அனுப்பியிருந்தால், வெற்றியைக் கொஞ்சம் மெல்லமாச் சொல்லு.

காசுக் கதைக்கு வருவம், அதுதான் எனக்குப் பிடிச்ச பாடம். ஃப்ரீ ஃபயர் எண்ட கேமைச் செய்த கரேனாவின்ர தாய்க் கொம்பனி சிங்கப்பூரில இருக்கிற சீ. பங்குச் சந்தைக் கொம்பனி எண்டதால மூண்டு மாசத்துக்கு ஒருக்காக் கணக்குச் சொல்ல வேணும். 2021இன்ர மூண்டாம் காலாண்டில தங்கட கேமுகள் எல்லாத்தையும் சேர்த்து 72.9 கோடிப் பேர் விளையாடினவை எண்டு எழுதியிருந்தது. அதுவும் மூண்டு மாசத்தில ஒருக்கால் திறந்தாலும் ஆள்தான். ஒரே கணக்கு இரண்டு கேம் விளையாடினால் இரண்டு ஆள் எண்டு விதி. எங்கட பதிவேட்டுக்கு இப்பிடி ஒரு விதி இருந்திருந்தால், நெல்லும் உழுந்தும் விதைக்கிறவன் இரண்டு கமக்காரன். அந்த 72.9 கோடியில காசு கட்டினவை 9.32 கோடி. நூறுக்குப் பதின்மூண்டு. மற்ற எண்பத்தேழும் உன்னைப் போல, கேமுக்குள்ள செலவழிக்கிற டைமண்ட் வாங்கக் காசில்லாமல், இலவசமா விளையாடுற கெட்டிக்காரர்.

கெட்டிக்காரர் எண்டு நீ நினைக்கிறாய். கொம்பனி உன்னை ஏன் சும்மா விளையாட விடுது எண்டு ஒருக்காலாவது யோசிச்சனியோ? காசு கட்டினவன் பளபளக்கிற துவக்கும் செட்டை முளைச்ச சட்டையுமா இறங்குறான். அதை ஆருக்குக் காட்டுறது? ஆரைச் சுடுறது? அதுக்கு ஆள் வேணும். பொட்டைச் சுட்டால் அவனுக்கு அலுத்துப் போகும். உயிருள்ள ஆள், கோவிக்கிற ஆள், "டேய் காசு போட்டு வாறாய்" எண்டு மைக்கில கத்துற ஆள் வேணும். அந்த வேலையைத்தான் நீ இரவிரவாச் செய்யிறாய், அதுவும் சம்பளம் இல்லாமல், கொப்பர் போட்ட ரீலோட்டில. கொம்மா உன்னை வேலை வெட்டி இல்லாதவன் எண்டு ஏசினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டன்.

அந்தக் கூட்டமும் நிண்டுபிடிக்கேல்லை. கொரோனா அடங்கிச் சனம் வெளியில வந்தது. 2022 மாசியில இந்தியா ஃப்ரீ ஃபயரையும் தடை செய்தது. அந்த வருசம் முடியேக்க 72 கோடி 48 கோடியா வந்திட்டுது. காசு கட்டினவை நாலு கோடிச் சொச்சம். இதில கவனிக்க வேண்டியது, விளையாடினவை மூண்டில ஒரு பங்கு போக, காசு கட்டினவை அரைவாசிக்கு மேல போனது. பிரிஞ்சு போறதில முதல் ஆள் எப்பவும் காசுக்காரன்தான்.

இப்ப உனக்கும் கரடிப்போக்குப் பெடியளுக்கும் நடக்கிற சண்டைக்கு வாறன். உங்கட கேம் செத்துப்போச்சு, எங்கட கேம்தான் இருக்கு எண்டு மாறி மாறித் தொகை எறியிறியள். விசரன்களே, கேமுக்குக் கோடி தேவையில்லை. 1997இல தொடங்கின அல்டிமா ஒன்லைன் இண்டைக்கும் ஓடுது. 1999இல தொடங்கின எவர்க்வெஸ்டும் ஓடுது. அதுகள் உச்சத்தில நிக்கேக்கயே உங்கட கோடிக்குக் கால்தூசி. ஈவும் சாகேல்லை. தொகை சொல்லுறதை விட்ட வார்கிராஃப்டும் சாகேல்லை. உனக்குத் தேவையான தொகை வேற. இரவு பத்து மணிக்கு, உனக்குக் கிட்டின சேவரில, உன்ர தரத்தில, நீ விளையாடுற வகை மட்ச்சுக்கு எத்தினை பேர் வரிசையில நிக்கினம்? அவ்வளவுதான். உலகத்தில நூறு கோடி இருந்தாலும், பிரேசில்காரன் உன்ர ஸ்குவாட்டுக்கு வரப்போறதில்லை. வந்தாலும் நெட் இழுத்து, அவன் சுடமுதல் நீ செத்துப் போவாய்.

ஆகவே தொகை பாக்கிறதெண்டால் மணிக்கூட்டைப் பார். மட்ச் நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்குது? முந்தி பத்துச் செக்கன் எடுத்தது இப்ப இரண்டு நிமிசம் எடுத்தால், கொம்பனி என்ன அறிக்கை விட்டாலும் சனம் போட்டுது. நிமிசம் கூடாமல், ஆனால் எதிரி எல்லாரும் நேர்கோட்டில ஓடிவந்து நிண்டு செத்தால், அப்பவும் சனம் போட்டுது, கொம்பனி வெற்றிடத்தை நிரப்புது. இரண்டையும் ஒரு கொப்பியில குறிச்சு வா. உன்ர கணக்கு வாத்தியார் சந்தோசப்படுவார், நீ எதைக் குறிச்சனி எண்டு சொல்லாதவரைக்கும்.

கொம்மாவோட கதைக்கிற விசயத்திலயும் உனக்கு ஒரு புத்தி சொல்லுறன். நூறு கோடியை விடு. அது அவளுக்கு ஏறாது. "அம்மா, நாங்கள் நாலு பேர், ஒருத்தன் பரந்தன், ஒருத்தன் முரசுமோட்டை, ஒருத்தன் ரொறன்ரோவில இருக்கிற மாமான்ர மோன், அவனுக்குத் தமிழ் மறக்காமல் இருக்கிறதே எங்களோட ஏச்சுப்பட்டுத்தான்" எண்டு சொல்லிப் பார். அண்ணன்ர பிள்ளை எண்டதும் கொம்மா இளகிப் போவாள். தேத்தண்ணியும் வரும். உண்மையான தொகை சின்னனா இருந்தாலும் அதுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான் பார்.

ஏன் முழுசுறாய்? நான் கொம்மாவின்ர பக்கமும் இல்லை, உன்ர பக்கமும் இல்லை. நான் பொருளாளர்.

அது கிடக்கட்டும். புது ஆளைச் சேர்த்துவிட்டால் சேர்த்தவனுக்கு ஏதோ பரிசு குடுப்பாங்கள் எண்டு அண்டைக்கு நீ கூட்டாளியோட கதைச்சாய். அப்ப எனக்கும் ஒரு கணக்குத் திற. பேருக்கு ஏதும் வீரமான பேராப் போடு. பிறந்த வருசம் கேட்டால் உள்ளதைச் சொல்லு, அவங்கள் நம்ப மாட்டாங்கள், அது அவங்கட பாடு. நான் ஒருக்காலும் விளையாட மாட்டன், துவக்குச் சத்தம் எனக்குப் போதும். எண்டாலும் அடுத்த அறிக்கையில நானும் ஒருத்தன். வாற டைமண்டில பாதியை வித்து வெத்திலைக்குத் தா. விக்கேலாதெண்டால் சும்மா ஒரு செட்டை முளைச்ச சட்டையாவது எனக்குப் போட்டு விடு.